ஜமீன் நல்லா இருக்கான்

ஜூன் 2, திங்கள்

வடிவாம்பாள் இன்று காலை தன் பூனையை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். பூனை என்று வாய் சொன்னாலும் கண் ஒப்புக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளி, நீண்ட பின்னங்கால், எதையோ எடைபோடுகிற பார்வை. பெங்கால் என்கிற ஜாதியாம். பெயர் ஜமீன். கூடையைத் திறந்ததும் வெளியே வந்தான், வீட்டை ஒரு சுற்று பார்வையிட்டான், என் சாய்வு நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். பெயரில் குற்றம் சொல்ல முடியாது.

விஷயத்தை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எனக்கு வயது நாற்பத்து மூன்று. பாளையங்கோட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை. பெருமாள்புரத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் நானும் ஆவுடையக்காவும் இருக்கிறோம். அப்பா அம்மா போன பிறகு அக்காதான் என்னை ஆளாக்கினாள். அதில் அவள் கல்யாணம் தள்ளிப் போய், அப்படியே நின்றுபோனது. எனக்கு வந்த வரன்களும் ஏதேதோ காரணத்தில் தட்டிப் போயின. வடிவாம்பாள் முதல் கல்யாணம் முறிந்தவள். மதுரையில், பாலங்கள் பலமாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் கம்பெனியில் எஞ்சினியர். சில மாதங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருக்கிறது.

குஜராத்தில் ஒரு பாலத்தைப் பார்க்கப் போகிறாள். திரும்பி வர மூன்று வாரம் ஆகும். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "கல்யாணமாகி நான் இங்க வந்தா இவனும் வருவான். இவன் மூலையில சுருண்டு கிடக்கிற பூனை இல்ல. ஓடணும், ஏறணும், யாராவது கூட விளையாடணும், நேரத்துக்குக் கறி வேணும். இவன் உங்க வீட்டுக்குச் சரிவருவானா, உங்க வீடு இவனுக்குச் சரிவருமான்னு பாருங்க. சரிவரலன்னா தப்பே இல்ல. ஆனா சரிவரலன்னு என்கிட்ட சொல்லணும். முதல் வீட்டுல எதுவுமே சரியில்லாதப்ப எல்லாம் சரியா இருக்கு, சரியா இருக்குன்னு சொல்லியே காலத்தை ஓட்டிட்டாங்க."

சொல்வேன் என்றேன்.

ஒரே சிக்கல் கறிதான். முட்டை கலந்த கேக்கைக்கூட உள்ளே விடாத சைவம் நாங்கள். "அது நம்ம வாசப்படி தாண்டி வரப்பிடாது, சொல்லிட்டேன்" என்றாள் அக்கா. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். முதல் மாடி ஜெசிந்தா டீச்சர் தன் வீட்டில் கோழியை உப்பில்லாமல் அவித்து டப்பாவில் தருவார். அக்கா பூனைக்குப் பட்டை மாட்டி மொட்டைமாடிக்குக் கூட்டிப் போய், அங்கேயே ஊட்டி, டப்பாவை வெளியிலேயே கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அந்த நேரத்தில் நான் கடையில் இருப்பேன். அக்காவே "நான் பாத்துக்கிடுதேன், நீ போ" என்றாள். எனக்கு மனது நிறைந்துவிட்டது.

ஜூன் 4, புதன்

ஜமீனுக்குக் குளியலறைக் குழாயின் பிடியைக் காலால் தூக்கித் திறக்கத் தெரிந்திருக்கிறது. வீடு முழுக்கத் தண்ணீர். நடுக்கூடத்தில் நின்று அதில் தப்தப்பென்று அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். பூனைக்குத் தண்ணீர் ஆகாது என்று எனக்கு யார் சொன்னது?

வடிவாம்பாளிடமிருந்து செய்தி: "எப்படி இருக்கான்?" நான்: "ஜமீன் நல்லா இருக்கான்."

ஜூன் 6, வெள்ளி

அக்கா சாமி முன்னால் வைத்திருந்த செம்பில் ஜமீன் முன்காலை விட்டு, தண்ணீரை வாரி வாரி நக்கியிருக்கிறான். வெள்ளிக்கிழமை, தலை குளித்து, ஈரப் புடவையோடு நிரப்பி வைத்த செம்பு. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். செம்பைக் கவிழ்த்து, தேய்த்து, மறுபடியும் நிரப்பி வைத்தாள்.

"உனக்குப் பிடிச்சிருக்குல்லா, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். பூனையைச் சொன்னாளா வடிவாம்பாளைச் சொன்னாளா என்று கேட்கவில்லை.

சாயங்காலம் நான் வந்தபோது அக்கா கீழே கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். தெருநாய்கள் காலைச் சுற்றிச் சுற்றி வாலாட்டின. அவளுக்கு நாய் என்றாலே ஆகாது, முன்பெல்லாம் கல்லைத்தான் எடுப்பாள். வயது ஏற ஏற மனம் இளகுகிறதாக்கும். கையில் கழுவிய டப்பா பளபளவென்று இருந்தது.

ஜூன் 9, திங்கள்

இன்று ஒரு கண்டுபிடிப்பு. கடையிலிருந்து கொண்டுவந்த சோதனை லென்ஸ் ஒன்றைப் பால்கனி வெயிலில் பிடித்தேன். சுவரில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. ஜமீன் அதைப் பார்த்துத் தரையோடு தரையாகப் பதுங்கினான், பின்புறத்தை ஆட்டினான், ஒரே பாய்ச்சலில் என் தலைக்கு மேல் உயரத்தில் சுவரைத் தொட்டுவிட்டு விழுந்தான். மறுபடியும். மறுபடியும். நான் சத்தமாகச் சிரித்திருக்கிறேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நீயா சிரிச்சே?" என்று கேட்டாள்.

பீரோ மேலிருந்து ஏழெட்டு மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களைத் தள்ளி உடைத்துவிட்டான். கோபமே வரவில்லை. இந்தப் பயல் சரிவருவான் என்று எனக்குத் தோன்றுகிறது. வடிவாம்பாளுக்குப் பாயும் படம் அனுப்பினேன். அவள் ஒரு குரல் செய்தி அனுப்பினாள், அதில் சிரிப்பு மட்டும்தான் இருந்தது. அதை நாலைந்து தடவை கேட்டேன்.

ஜூன் 11, புதன்

அக்கா தென்காசிச் சித்தியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக்கு வந்தா பூனைகூட சைவமாயிரும் பாத்துக்கோங்க" என்று சிரித்தாள். நான் செருப்பைக் கழற்றுவதைக் கண்டதும் பேச்சை மாற்றி, சித்தியின் முட்டுவலியைப் பற்றிக் கேட்டாள்.

விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாள்.

ஜூன் 12, வியாழன்

கடையில் கூட்டம். எழுத ஒன்றுமில்லை. தினமும் நான் வரும்போது வாசலுக்கு ஓடி வருகிற ஜமீன் இன்று வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

என் படுக்கையில் பேதி போய்விட்டான். நாற்றம் சொல்லி மாளாது. மெத்தையை மாடியில் காயப் போட்டேன். மேலே அவனுடைய தட்டு கிடந்தது. ஓரத்தில் காய்ந்துபோய் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கவனித்துப் பார்க்க நேரமில்லை.

வடிவாம்பாள் படம் கேட்டாள். நேற்று எடுத்ததை அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "ரோமம் ஏன் மங்கலா இருக்கு? வழக்கமா எண்ணெய் தடவின மாதிரி மின்னுமே."

"வெளிச்சம் சரியில்லை" என்று எழுதினேன். பிறகு போன வாரம் எடுத்த படம் ஒன்றைத் தேடி, இன்று எடுத்தது என்று சொல்லி அனுப்பினேன். அவள் தூரத்தில் இருக்கிறாள், பாலத்தின் மேல் ஏறி நிற்கிற வேலை, வீணாகக் கவலைப்படக் கூடாது. அதனால்தான்.

ஜூன் 14, சனி

லென்ஸ் வெளிச்சத்தைக் காட்டினேன். தலையை மட்டும் திருப்பி அதைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

நாள் முழுக்க ஒரு மாதிரி இழுத்து இழுத்துக் கத்துகிறான். பக்கத்து ஃப்ளாட்டில் குழந்தை அழுகிறதா என்று கேட்டார்கள். "சாப்பிடுதானா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"தின்னுட்டுல்லா படுத்துருக்கு" என்றாள், உளுந்தை அரைத்துக்கொண்டே. "ஊரு மாறினா மனுசனுக்கே ரெண்டு மாசம் ஆகும். ஏல, நீ என்ன அதையே பாத்துக்கிட்டு இருக்க?"

அத்தோடு விட்டுவிட்டேன். கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் அக்காவின் அலறல். பால்கனியில் புறாவுக்காகக் கட்டியிருந்த வலையைக் கிழித்து ஒரு புறாவைப் பிடித்திருக்கிறான். நேராகச் சாமி அறைக்குக் கொண்டுபோய், விளக்கின் முன்னால் போட்டுத் தின்றுகொண்டிருந்தான். தின்றான் என்பது சரியான சொல் இல்லை. இறகோடு விழுங்கினான். நான் நெருங்கியபோது உறுமினான். இத்தனை நாளில் என்னைப் பார்த்து உறுமியதே இல்லை.

அக்கா சுவரோரம் நின்றாள். "கொலைகாரப் பிறவி! என்ன குடுத்தாலும் புத்தி மாறாது!" என்றாள். பிறகு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என்ன கொடுத்தாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். வாளியை எடுத்துத் தரையைக் கழுவினேன்.

மத்தியானத்துக்கு மேல் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டான். நுரைநுரையாக. பிறகு நடக்கும்போது அவன் பின்னங்கால் துவண்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

வடிவாம்பாள்: "இன்னைக்கு என்ன பண்ணான்?"

"ஜமீன் நல்லா இருக்கான்."

ஜூன் 16, திங்கள்

கடையைத் திறக்கவில்லை. மகாராஜநகரில் ஒரு கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போனேன். அக்காவும் வருவேன் என்று வந்தாள். ஆட்டோவில் பூனைக்கூடையை மடியில் வைத்திருந்தது அவள்தான்.

டாக்டர் அவனுடைய ஈறைத் தூக்கிப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். "என்ன சாப்பாடு போடுறீங்க?"

அக்கா தரையைப் பார்த்தாள். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அறையில் மேஜை மேல் கிடந்த ஜமீன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோழி, டாக்டர். அவிச்ச கோழி" என்றேன்.

"தினமுமா? ஒழுங்கா சாப்பிடுதா?"

"ஆமா."

"பால், தயிர், சோறு ஏதாவது?"

"இல்ல."

அவருக்குக் குழப்பமாகிவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிற பூனை இப்படி வற்றிப் போகாது, உள்ளே சிறுநீரகத்தில் ஏதோ கோளாறு இருக்கலாம் என்றார். ரத்தம் எடுத்து அனுப்பினார். "ரிசல்ட் வர்ற வரைக்கும் கறியை நிறுத்திருங்க. கிட்னியா இருந்தா கறி பாரம். கஞ்சித் தண்ணி மட்டும் குடுங்க."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எதுவோ சொல்ல வாயெடுத்தாள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கூடையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

கஞ்சித் தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. குளியலறைக் குழாயின் அடியில் போய்ப் படுத்துவிட்டான். குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் முதுகில் சொட்டியது. அசையவில்லை.

படியில் ஜெசிந்தா டீச்சர் பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் கேக்கேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நான் அவிச்சுக் குடுக்கது பூனைக்குப் பிடிக்கலையா? உங்க அக்கா தினமும் கேட்டுல நாய்க்குப் போடுறாங்கன்னு வாட்ச்மேன் சொல்லுதாரு. பிடிக்கலன்னா சொல்லிருங்க, வேற மாதிரி செஞ்சு தாரேன்."

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதிர்ச்சி இல்லை.

மேலே போனேன். அக்கா தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். பூனைத் தட்டில்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"முதல் நாள்லேர்ந்து." கை பிசைவதை நிறுத்தவில்லை. "பாலுஞ்சோறும், தயிருஞ்சோறும், பருப்புல நெய் விட்டு. என் தட்டுல நான் போட்டுக்கிடுத நெய்யைவிட அதுக்குக் கூட விட்டேன். கொன்னு தின்னாத்தான் உசுரு நிக்கும்னு யாரு சொன்னா? பழகிக்கிடும்னுதான் நெனச்சேன்."

"அது சாகக் கிடக்குக்கா."

"தெரியுது! எனக்குக் கண்ணில்லையா?" தட்டைத் தள்ளிவிட்டாள். "அவ வந்தா இந்த அடுப்படியில நான் யாரு? இன்னைக்குப் பூனைக்கு, நாளைக்கு அவளுக்கு. அப்புறம் நான் எந்த மூலையில போய் நிப்பேன்? உனக்கு வந்த வரனுக்கெல்லாம் நொட்டை சொன்னதும் நான்தான். ஒரு தடவையாவது ஏன்க்கான்னு நீ கேட்டியா? டப்பா கழுவி வருது, நாய் வாலாட்டுது, பூனை எலும்பா நிக்கி. உனக்குத் தெரியாதா? சொல்லுல, தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் இருவருமே பயந்துவிட்டோம். அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. என் மேல்தான் வந்தது, அதுவும் தாமதமாக.

டாக்டருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். "நேத்து நீங்க இதைச் சொல்லியிருந்தா நான் கறியை நிறுத்தச் சொல்லியிருப்பேனா சார்?" என்றார். "நாலு நாள் சரியா சாப்பிடலன்னா பூனைக்கு ஈரல் கெட ஆரம்பிச்சிரும். தூக்கிட்டு வாங்க, உடனே."

ஜமீனுக்கு முன்காலில் ரோமத்தைச் சிரைத்து ஊசி ஏற்றியிருக்கிறார்கள். பிழைக்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். க்ளினிக் வாசலில் நின்று வடிவாம்பாளைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், பழைய படத்தை அனுப்பியதையும் சொன்னேன். நான் முடித்ததும், "எந்த க்ளினிக்?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 18, புதன்

டாக்டர் ஊசிக்குழாயில் கறிக்கூழ் எடுத்து வாய் ஓரத்தில் விட்டார். முதல் வாய் வழிந்துவிட்டது. இரண்டாவதை விழுங்கினான். அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

வடிவாம்பாள் வேலையைப் பாதியில் விட்டு வந்துவிட்டாள். க்ளினிக்கில் ஜமீன் அவள் குரலைக் கேட்டதும் காதை மட்டும் திருப்பினான். அவள் அவன் நெற்றியில் தன் நெற்றியை வைத்து ரொம்ப நேரம் நின்றாள். தலை தூக்குகிறான், இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னார்.

சாமான்களை எடுக்க வீட்டுக்கு வந்தாள். அக்கா கதவைத் திறந்து, "என்னைய என்ன வேணாலும் சொல்லும்மா" என்றாள்.

"நீங்க பயந்துட்டீங்க. பயத்துல தப்புப் பண்ணிட்டீங்க" என்றாள் வடிவாம்பாள். "கோவமாத்தான் இருக்கு. ஆனா அது எனக்குப் புரியுது."

பிறகு என்னைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க நான் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன்; அவள் முந்திக்கொண்டாள்.

"உங்களைத்தான் எனக்குப் புரியல. கண்ணு முன்னால வத்திப் போச்சு. தினமும் நான் கேட்டேன். தினமும் நல்லா இருக்கான்னு அனுப்புனீங்க. உங்க அக்கா பூனைக்குத்தான் சாப்பாட்டை மாத்துனாங்க. நீங்க எனக்குச் சேதியையே மாத்திக் குடுத்துட்டீங்க."

கூடை, பட்டை, தட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கீழே வரை போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டேன். சரிவருமா வராதா என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. வேறு என்ன பதில் வரப் போகிறது?

ஜூன் 28, சனி

கேட்டில் நாய்கள் இன்னும் காத்திருக்கின்றன. அக்கா அவற்றுக்கு இட்லி போட்டாள். முகர்ந்துவிட்டுப் போய்விட்டன.

சாப்பிடும்போது, "அந்தப் பிள்ளை நம்பர் குடு" என்றாள். எதற்கு என்று கேட்டேன். இப்போதெல்லாம் கேட்கிறேன். "உனக்கில்ல. எனக்கும் அவளுக்கும் பேச்சு இருக்கு" என்றாள். கொடுத்தேன்.

ஜூலை 5, சனி

கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தேன். என் சாய்வு நாற்காலியில் ஜமீன். மெலிந்துதான் இருக்கிறான், முன்காலில் சிரைத்த இடத்தில் ரோமம் முளைக்கிறது. என்னைப் பார்த்துவிட்டு, தெரியாதவனைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அக்கா தினமும் வடிவாம்பாளுக்குப் போன் பண்ணியிருக்கிறாள். அவளுக்குத் தூத்துக்குடியில் இரண்டு நாள் வேலையாம், காலையில் வந்து அக்காவிடம் விட்டுப் போயிருக்கிறாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் அக்கா ஜெசிந்தா டீச்சரிடம் டப்பாவை வாங்கி வந்தாள். வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். பிறகு வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்து, கூடத்தைத் தாண்டிப் பின் பால்கனிக்குப் போனாள். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு துண்டாகப் போட்டாள். ஜமீன் தின்கிற சத்தம் கேட்டது. "மெதுவாத் தின்னு, யாரு பிடுங்கப் போறா" என்றாள் சுவரைப் பார்த்தபடி. முடிந்ததும் நேராகக் குளிக்கப் போய்விட்டாள்.

நான் பால்கனியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் ஒலித்தது. வடிவாம்பாள் அன்று கூடையோடு போன பிறகு எனக்கு வரும் முதல் செய்தி. அதே கேள்வி: "எப்படி இருக்கான்?"

விரல் பழக்கத்தில் 'ஜமீன் நல்லா' வரை அடித்துவிட்டது. அழித்தேன். எழுதினேன்:

"பாதிக்கு மேல சாப்பிட்டான், மிச்சம் வச்சிட்டான். இடது காதுல ஒரு கீறல் இருக்கு, எப்படி வந்ததுன்னு தெரியல. பின்னங்கால் இன்னும் லேசா இழுக்குது. மத்தியானம் சாமி செம்பைக் கவுத்துட்டான், அக்கா திட்டியிருக்கா. என்கிட்ட வரமாட்டேங்குறான். இந்த வீடு அவனுக்குச் சரிவருமான்னு எனக்குத் தெரியல. எனக்குப் பயமா இருக்கு. நீங்க வரணும்னு இருக்கு."

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். குளியலறையில் அக்கா தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. ஜமீன் எழுந்து, குழாய் இருக்கும் திசையைப் பார்த்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டான்.

போனைத் திருப்பினேன். ஒரே ஒரு வார்த்தை வந்திருந்தது.

"இன்னும்?"

இன்னும் நிறைய இருந்தது. எழுத ஆரம்பித்தேன்.